கஷ்டம் ஒற்றுமையைத் தருமா? பற்றீரியாவிடம் கேட்டுப் பார்ப்போம்

"கஷ்டம் வந்தால்தான் சனம் ஒற்றுமையாகும்" எண்டு ஒரு கதை இருக்கிறது. "கஷ்டம் வந்தால் அவனவன் தன்ர பாட்டைத்தான் பார்ப்பான்" எண்டு இன்னொரு கதையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே வாயால் சொல்லக்கூடிய ஆட்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புமே கடைசியில் இயற்கையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும். ஒரு தரப்பு எறும்பையும் தேனீயையும் காட்டும். மற்றத் தரப்பு "வலியது வாழும், அதுதான் இயற்கையின் சட்டம்" எண்டு சொல்லிக் கதையை முடித்துவிடும்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள். ஆனாலும் சமூகவியலிலும் அரசியல் விஞ்ஞானத்திலும் இந்த "இயற்கைச் சட்டம்" அடிக்கடி வந்து எங்கள் முன்னால் நிற்கிறது. சாட்சியென்று கூப்பிட்டால் அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்றும் கேட்கத்தானே வேண்டும்? பூமியில் மிகப் பழைய சமூக வாழ்க்கை நுண்ணங்கிகளுடையது. மண், கடல், எங்கள் வயிறு, பல்லிடுக்கு எல்லா இடத்திலும் அவை கூட்டமாகத்தான் சீவிக்கின்றன. சூடு, உப்பு, நஞ்சு, பட்டினி என்று எல்லா நெருக்கீட்டையும் பார்த்தவை அவை. ஆகவே கேள்வியை அவற்றிடமே வைத்துப் பார்ப்போம்.

இது புதிய சண்டையில்லை. "தக்கது பிழைக்கும்" என்ற சொற்றொடரை 1864இல் உருவாக்கியவர் டார்வின் அல்ல, ஹேர்பேர்ட் ஸ்பென்சர். டார்வின் பிறகுதான் அதைத் தன் புத்தகத்துக்குள் எடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு "போட்டிதான் எல்லாம்" என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, ரஷ்யரான குரொப்பொட்கின் 1902இல் பரஸ்பர உதவி பற்றித் தன் நூலை வெளியிட்டார். அவர் இளவயதில் சைபீரியாவில் அலைந்தவர். உறைபனியும் பட்டினியும் நிறைந்த அந்த நிலத்தில் விலங்குகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கண்ணில் பட்டது பெரும்பாலும் கூட்டு வாழ்க்கை. குரொப்பொட்கினை எங்களுக்கு அரசியல் சிந்தனையாளராகத்தான் படிப்பிக்கிறார்கள். அவர் கவனித்ததில் ஓர் உயிரியல் கேள்வியும் ஒளிந்திருந்தது: சூழல் கடுமையாக இருக்கும் இடத்தில் உறவுகளின் தன்மை மாறுகிறதா?

1994இல் மார்க் பேர்ட்னஸ், றேகன் கலவே என்ற இரண்டு சூழலியலாளர்கள் இதையே ஒரு கருதுகோளாக எழுதினார்கள். நெருக்கீடு கூடக்கூட உதவி கூடும், வசதி கூடக்கூடப் போட்டி கூடும் என்பதுதான் அதன் சாரம். அவர்கள் தாவரங்களை வைத்துப் பேசினார்கள். உப்புச் சதுப்பு நிலத்தில் ஒரு செடி நிலத்துக்கு நிழல் கொடுக்கிறது. அதனால் நீர் ஆவியாவது குறைகிறது, மண்ணில் உப்புச் சேர்வதும் குறைகிறது, பக்கத்துச் செடி தப்புகிறது. உப்புக் குறைந்த இடத்தில் இதே இரண்டு செடிகளும் வெளிச்சத்துக்கும் இடத்துக்கும் சண்டை பிடிக்கும்.

நுண்ணங்கிகளுக்கு இது பொருந்துமா? முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பற்றீரியாக்கள் பொதுவாக நல்ல அயலவர்கள் இல்லை. மரப்பொந்தில் தேங்கிய மழைநீரிலிருந்து பற்றீரியா இனங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வளர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. அங்கே கண்டது பெரும்பாலும் போட்டிதான். பற்றீரியாக்கள் ஒன்றையொன்று கொல்வதற்கென்றே நஞ்சு தயாரிக்கும். எங்கள் அன்ரிபயோற்றிக் மருந்துகளில் பல முதலில் நுண்ணங்கிகளிடமிருந்து கிடைத்தவையே.

இந்தப் பின்னணியில்தான் 2019இல் சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு எங்களைப் பிடித்து நிறுத்தியது. லேத்துக் கடையில் இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஒரு திரவம் ஊற்றுவார்களே, தண்ணீர் கலந்தால் பால்மாதிரி வெள்ளையாகும் அந்தத் திரவம்தான் அங்கே களம். அதில் பற்றீரியா தின்னக்கூடிய பொருட்களும் உண்டு, பற்றீரியாவைக் கொல்லும் இரசாயனமும் உண்டு. இந்த நரகத்துக்குள் நாலு பற்றீரியா இனங்களை விட்டார்கள். எல்லாச் சோடிகளையும் பார்த்தார்கள். ஒன்று மற்றதுக்கு உதவியது, அல்லது எந்தப் பாதிப்பும் செய்யவில்லை. கெடுதல் செய்த சோடி ஒன்றுகூட இல்லை. தனியே விட்டால் தப்பமுடியாதது கூட்டத்தோடு விட்டால் தப்பியது.

ஏன்? ஒவ்வோர் இனமும் தான் தப்புவதற்காக நஞ்சைக் கொஞ்சம் உடைக்கிறது. உடைந்த நஞ்சு எல்லாருக்கும்தான் குறைகிறது. அவ்வளவுதான். அங்கே தியாகமும் இல்லை, கொள்கையும் இல்லை. ஒருவர் தன்ர வாசலைக் கூட்டினால் ஒழுங்கை முழுக்கத் துப்புரவாகிற மாதிரியான ஏற்பாடு.

இத்தோடு நிறுத்தினால் "கஷ்டம் ஒற்றுமையைத் தரும்" என்ற கட்சிக்கு வெற்றி. ஆனால் ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. அதே கூட்டத்துக்கு மேலதிகமாகச் சத்துப் பொருள் கொடுத்தார்கள். போட்டி வந்தது. நஞ்சின் அளவைக் குறைத்தார்கள். போட்டி வந்தது. இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அப்போதும் போட்டி வந்தது, ஏனென்றால் நஞ்சை அகற்றக் காணுமான ஆட்கள் சேர்ந்ததும் அடுத்த பிரச்சினை சாப்பாடுதான். ஆக, போட்டி முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. நஞ்சு அதை மூடி வைத்திருந்தது. நெருக்கீடு அவற்றின் குணத்தை மாற்றவில்லை. எது உடனடிப் பிரச்சினை என்பதைத்தான் மாற்றியது.

2022ஐ நினைத்துப் பார்த்தால் இது எங்களுக்கு அந்நியமான செய்தியாகத் தெரியவில்லை. பெற்றோல் வரிசையில் முன்பின் தெரியாத ஆட்கள் தண்ணிப் போத்தலைப் பகிர்ந்தார்கள். அதே வரிசையில் அடிபாடும் நடந்தது. "அப்ப சனம் எவ்வளவு ஒற்றுமை, இப்ப பார்!" எண்டு சலித்துக்கொள்பவர்கள் சனம் இடையில் கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள். கெட்டுப்போனதாக எங்களுக்குப் படவில்லை. எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரு பிரச்சினை கொஞ்சம் பின்னால் போனது, தனித்தனிப் பிரச்சினைகள் முன்னால் வந்தன.

இனி மற்றப் பக்கம். நெருக்கீடு உறவை உடைத்த கதை எங்கள் கரைக்கு மிக அருகில் இருக்கிறது.

நிலாவெளிக்கு முன்னால் புறாத்தீவில் முகமூடி போட்டுக் கடலுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு முருகைக்கல் தெரியும். கல் என்று சொன்னாலும் அது உயிர். சின்னச் சின்ன விலங்குகளின் கூட்டம். அந்த விலங்கின் இழையத்துக்குள்ளே ஒரு கல அல்காக்கள் குடியிருக்கின்றன. முருகைக்கல் அல்காவுக்கு இடமும் காபனீரொட்சைட்டும் நைதரசனும் கொடுக்கிறது. அல்கா ஒளித்தொகுப்புச் செய்து சீனியைத் திருப்பிக் கொடுக்கிறது. முருகைக்கல்லுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைக்கும் இந்தக் குடியிருப்பாளரிடமிருந்தே வரலாம். நிறம் தருவதும் பெரும்பாலும் அல்காதான். பாடப்புத்தகத்தில் ஒன்றியவாழ்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடமுடியாது.

கடல் நீரின் வெப்பநிலை வருடத்தின் வழமையான உச்சத்தைவிட 1 பாகை செல்சியசு கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் காணும். அல்காவின் ஒளித்தொகுப்பு இயந்திரம் பழுதாகிறது. அது முருகைக்கல்லைத் தாக்கும் ஒட்சிசன் சேர்வைகளைக் கக்கத் தொடங்குகிறது. கடைசியில் அல்கா வெளியேறுகிறது, முருகைக்கல் வெளிறுகிறது. சூடு கெதியாகத் தணிந்தால் அல்கா மீளவும் சேரலாம். இல்லையென்றால் முருகைக்கல் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைப் பாறைத் தொடரிலும் இது பெருமளவில் நடந்தது. பார் தொடரில் 2016இல் மறுபடியும் நடந்தது.

பிரிவதற்கு முன் நடப்பதுதான் இன்னும் யோசிக்க வைப்பது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிறல் தொடங்காத அளவுச் சூட்டிலேயே உறவு மாறத் தொடங்குகிறது என்று காட்டியது. அல்கா தனக்கென்று கூட எடுக்கிறது, முருகைக்கல்லுக்குக் குறையக் கொடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நிறம் அப்படியே இருக்கும், உறவு நலமாக இருப்பதாகத்தான் தெரியும். உள்ளே பங்காளி மெல்ல மெல்ல ஒட்டுண்ணியாகிக் கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் லோசானில் நெருக்கீடு ஏன் உதவியைக் கொண்டுவந்தது, கடலில் ஏன் உறவை முறித்தது? எங்களுக்கு விளங்கியவரை வித்தியாசம் இதுதான். லோசானில் ஒவ்வோர் இனத்தாலும் நஞ்சைப் பற்றி ஏதாவது செய்ய முடிந்தது. தனக்காகச் செய்த வேலை மற்றவருக்கும் பயன்பட்டது. கடலில் சூட்டைக் குறைக்க முருகைக்கல்லாலும் முடியாது, அல்காவாலும் முடியாது. இரண்டும் எவ்வளவு நல்ல பங்காளிகளாக இருந்தாலும் கடல் குளிராது. அதற்கு மேலாக, அந்தச் சூடு கொடுக்கல் வாங்கலுக்கான இயந்திரத்தையே உடைக்கிறது. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது உறவு எதில் நிற்கும்?

இங்கே "தாங்குதிறன்" என்ற சொல்லுக்கு வருகிறோம். சூட்டைத் தாங்கக்கூடிய சில அல்கா வகைகள் இருக்கின்றன. வெளிறலுக்குப் பிறகு சில முருகைக்கற்கள் இந்த வகைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்கின்றன. அதனால் 1 முதல் 1.5 பாகை வரை மேலதிகமாகத் தாங்கமுடியும் என்று அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் இந்த அல்கா முருகைக்கல்லுக்குக் கொடுக்கும் உணவு குறைவு. அதனால் முருகைக்கல் மெதுவாகத்தான் வளரும். தாங்குதிறன் வந்தது, வளர்ச்சி போனது. பட்டறைக்குப் பட்டறை "நீங்கள் எவ்வளவு தாங்குதிறன் உள்ள சமூகம்!" எண்டு எங்களைப் பாராட்டும் வளவாளர்கள் இந்த இரண்டாவது வசனத்தைச் சொல்வதில்லை.

நெருக்கீட்டைப் புகழ்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "வசதி வந்தால் உறவு கெடும், ஆகவே வசதியை எடுத்துவிட்டால் உறவு திரும்பும்" என்ற கணக்கு. இந்தக் கணக்கு அரைவாசி உண்மை. பயறு, உழுந்து, கௌபி போன்ற அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் இருக்கும் ரைசோபியம் பற்றீரியா வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தாவரத்துக்குக் கொடுக்கும், பதிலுக்குச் சீனி வாங்கும். மண்ணில் நைதரசன் பசளை தாராளமாக இருந்தால் தாவரம் சிறுகணுக்களைக் குறைத்துக்கொள்ளும். வாசலிலேயே சும்மா கிடைப்பதற்கு ஏன் சீனி கொடுக்கவேண்டும்?

அமெரிக்காவின் மிச்சிகனில் 22 வருடங்கள் நைதரசன் போடப்பட்ட நிலத்திலிருந்தும், போடாத நிலத்திலிருந்தும் ரைசோபியத்தை எடுத்து, ஒரே மாதிரி நிலைமையில் குளோவர் செடிகளோடு வளர்த்துப் பார்த்தார்கள். பசளை நிலத்து ரைசோபியத்தோடு வளர்ந்த செடிகள் குறைவாகவே வளர்ந்தன. அதாவது பசளையை எடுத்த பிறகும் பற்றீரியா பழையபடி நல்ல பங்காளியாகவில்லை. உதவாமல் இருந்த வருடங்கள் அதன் பரம்பரையிலேயே பதிந்துவிட்டன.

2021இல் இந்த நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டது. இடையில் விவசாயிகள் பட்ட பாடு எங்கள் வாசகர்கள் பலருக்கு வீட்டிலேயே தெரியும். நெல்லுக்கு வேர்ச்சிறுகணு இல்லை, ஆகவே மிச்சிகன் முடிவை அப்படியே எங்கள் வயலில் ஒட்டமுடியாது. சேதனப் பசளை வேண்டாம் என்பதும் எங்கள் வாதமில்லை. ஆனால் பல தசாப்தங்களாக யூரியா போட்ட மண்ணுக்கு ஒரே போகத்தில் நெருக்கீட்டைக் கொடுத்துவிட்டு, "மண் தானாகச் சரிவரும்" என்று எதிர்பார்த்த நம்பிக்கை, "கஷ்டத்தில் விட்டால் சனம் தானாக எழும்பும்" என்ற நம்பிக்கையின் கூடப்பிறந்தது. உறவுகள் அழிய எடுத்த காலத்தைப்போல, திரும்பி வரவும் காலம் எடுக்கும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. 2010இல் அமெரிக்காவில் செய்தது. ஈ.கோலி பற்றீரியாக் கூட்டத்துக்கு நோர்புளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக்கை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தார்கள். கூட்டம் முழுதும் மருந்தைத் தாங்கியது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தால் பெரும்பாலானவற்றின் தாங்கும் சக்தி கூட்டத்தின் சக்தியைவிடக் குறைவு. மிகச் சில பற்றீரியாக்களுக்கு மட்டும் மிக அதிக எதிர்ப்பு இருந்தது. அந்தச் சில பேர் இண்டோல் என்ற பொருளைத் தொடர்ந்து தயாரித்து வெளியே விட்டன. அது மற்றவற்றின் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தூண்டியது. இண்டோல் தயாரித்தவற்றுக்கு அதனால் தங்கள் வளர்ச்சியில் நட்டம்.

ஆய்வாளர்கள் இதற்குத் "தொண்டுப்பணி" என்று தலைப்பே போட்டார்கள். பங்களிக்காமல் பயன்பெறும் நுண்ணங்கிக்கு "ஏமாற்றுக்காரர்" என்று துறையில் பெயர். இந்தச் சொற்களெல்லாம் மனித சமூகத்திலிருந்து ஆய்வுகூடத்துக்குள் போனவை. போனது திரும்பி வரும்போது "இயற்கையே சொல்கிறது" என்ற முத்திரையோடு வருகிறது. இதைக் கவனிக்க வேண்டியது எங்கள் பீடத்து வேலை. பற்றீரியாவுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதனிடம் ஒழுக்கம் கற்க ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி கேட்கப் பழகலாம்.

ஈ.கோலிக் கூட்டம் இரண்டு கேள்விகளைத் தருகிறது. முதலாவது, இந்த ஒற்றுமை யாருக்கு நல்லது? பற்றீரியாவுக்கு நல்லது, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குக் கெட்டது. காய்ச்சலென்று பாமசியில் நாலு குளிசை வாங்கிப் போட்டு, சுகமானதும் விட்டுவிடுகிற பழக்கத்தில் நாங்கள் கொடுப்பதும் இப்படியொரு அரைகுறை நெருக்கீடுதான். இரண்டாவது, கூட்டம் தாங்கியது என்றால் செலவை யார் கொடுத்தது? 2022இல் "வீடு எப்படியோ சமாளித்தது" என்று சொல்லும்போது, அந்த வீட்டில் தன் கோப்பையில் சோற்றைக் குறைத்தது ஆர்? ரியூசனை நிறுத்தியது ஆர்? நகையை அடகு வைத்தது ஆர்? சராசரியில் ஒரு வீடு தப்பலாம். அந்தச் சராசரிக்குள்ளே சில பேர் மட்டும் இண்டோல் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். நெருக்கீடு ஒற்றுமையைத் தரும் என்பதும் பொய், பிரிவினையைத் தரும் என்பதும் பொய். என்ன வகை நெருக்கீடு, அதைக் குறைக்க உள்ளே இருப்பவர்களால் ஏதாவது செய்யமுடியுமா, கொடுப்பதற்கு அவர்களிடம் ஏதும் மிச்சமிருக்கிறதா, செலவு யார் தலையில் விழுகிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதையும் விசாரிக்காமல் "கஷ்டம்தான் எங்களைச் செதுக்கியது" என்று பெருமைப்படுவது, கஷ்டத்தைக் கொடுத்தவர்களுக்குத்தான் வசதி. லோசான் பற்றீரியாக்கள் அழகாக ஒத்துழைத்தன என்பதற்காக எந்த ஆய்வாளரும் "நஞ்சு நல்லது" என்று முடிவெழுதவில்லை.

அடுத்த தடவை மேடையில் யாராவது எங்கள் தாங்குதிறனைப் பாராட்டினால் சபை மரியாதைக்குக் கைதட்டுவோம். அதன்பிறகு கையை உயர்த்தி ஒரு கேள்வியும் கேட்போம்: நாங்கள் தாங்குவது இருக்கட்டும், நஞ்சை நிறுத்துகிற வேலையை ஆர் செய்யப்போகினம், எப்ப?